கடைசிக் கண்ணி

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, சென்ற மாதம் தக்கலை அருகே ஒரு வளைவில் பைக்கோடு லாரியில் மோதி இறந்துபோனான். வேகமாக வந்திருக்கிறான், அவனுடைய தவறுதான். விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறால் நேர்கின்றன என்று படித்தேன். ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் வந்தால்தான் இதற்கு முடிவு வருமா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

ஓட்டுநர் இல்லாத வாகனங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. 'அவனுடைய தவறுதான்' என்று நீங்கள் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பையனின் அம்மா காதில் அது விழாமல் இருந்திருக்க வேண்டும்.

அந்த 94, அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பில் உள்ளது. 2005 முதல் 2007 வரை நடந்த விபத்துகளில், மோதலுக்கு இட்டுச்சென்ற சங்கிலியின் கடைசிக் கண்ணி எது என்று பார்த்தபோது, அத்தனை சதவீதத்தில் அது ஓட்டுநரின் செயலாக இருந்தது. அதையே விபத்தின் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று அதே குறிப்பு எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, இறந்தவன்மேல் ஏற்றிவிட்டீர்கள்.

என் தாய்மாமா குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டியவர். ஒரு விடியற்காலையில், ரப்பர் மரத்தில் பால்வெட்டச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் அந்த லாரியில் அடிபட்டு இறந்தார். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதினார்கள். வளைவின் உட்புறத்தில் ஒரு தோட்டத்தின் கல்மதில் தாரின் விளிம்புவரை வந்து நின்றதையும், சைக்கிள்காரர் ஒதுங்க ஒரு முழம் மண்கூட இல்லாததையும், விளக்கு இல்லாததையும் எவரும் எழுதவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடும்; கண் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும், அதற்குள்ளேயே பதினாறு மீட்டர் போய்விடும். அந்த மதில் மாமாவுக்குக் காட்டியதோ இருபது மீட்டர்தான். இன்னும் மெதுவாக வந்திருக்க வேண்டும் என்று அவரே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவரைத் தண்டித்ததோடு விசாரணை முடிந்துவிட்டதால் மதில் அங்கேயே நின்றது. நான்கு ஆண்டுகளுக்குள் மேலும் இருவர் அதே இடத்தில் இறந்தார்கள். பிறகுதான் அதை ஆறடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அதன்பின் அந்த வளைவில் எவரும் சாகவில்லை. ஓட்டுபவர்கள் அதே ஊர்க்காரர்கள், அவசரமும் அதே அவசரம்தான். மனிதர் தவறத்தான் செய்வர், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அதை வடிவமைப்பவர்களின் பொறுப்பு என்று சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது இதைத்தான்.

அந்தப் பையன் வேகமாக வந்திருக்கலாம், தம்பி. நீங்கள் அந்த வளைவில் ஒருநாளாவது இறங்கி நின்று பார்த்தீர்களா? அவன் விழுந்த அதே நேரத்தில் போய் நில்லுங்கள். எதிரே வரும் லாரி எத்தனை மீட்டரில் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் பாதுகாப்புத் தரங்களை மீறியதால் உயிர் போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு 2019இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். அதற்கு முன் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். மனுவில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.