ஒரே பிடியில்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் டிசைன் பிரிவில் இருக்கிறேன். டீசல் எஞ்சினின் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடும் இ.ஜி.ஆர். வால்வைத் தயாரிக்க எளிதாக மாற்றும் வேலை என்னிடம் வந்தது. 21 பாகங்களை 16 ஆகக் குறைத்தேன். வால்வின் தண்டு ஓடும் புஷ்ஷை, அதாவது உள்ளே பொருத்தும் உலோகக் குழாய்த் துண்டை, எடுத்துவிட்டு வார்ப்பிலேயே துளை கொடுத்தேன். அதன் கீழிருந்த கரித்தடுப்பையும் வார்ப்போடு சேர்த்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் கோவையில் எங்களுக்குச் செய்துதரும் பட்டறையில் ரிஜெக்ஷன் ஏறிக்கொண்டே போகிறது. தண்டுக்கும் துளைக்கும் நடுவே 20 மைக்ரான் (0.02 மில்லிமீட்டர்) இடைவெளியை அவர்களால் பிடிக்க முடியவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அக்கறை இல்லை என்று தோன்றுகிறது. நான் எம்.இ. சேர்வதா, இணையவழிப் பயிற்சி போதுமா? மின்சார வண்டிகள் பெருகிவிட்டால் இந்த வால்வுக்கு வேலை இருக்குமா என்ற பயமும் இருக்கிறது. ட்ராயிங்கை இணைத்திருக்கிறேன்.

மீனா

அன்புள்ள மீனா,

கரித்தடுப்பை வார்ப்போடு சேர்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. 2009-ல் நானும் ஓர் அறிக்கையில் அதைப் பெருமையோடு எழுதினேன். அதைத் திருத்தித் தந்த மனிதரின் பேரன் கல்யாணப் பத்திரிகை போன வாரம்தான் வந்தது. அன்றிலிருந்து அவர் நினைவாகவே இருக்கிறேன்.

மின்சார வண்டி பயத்தை ஓரமாக வையுங்கள். லாரியும் டிராக்டரும் நாளைக்கே டீசலை விட்டுவிடப் போவதில்லை.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. எஞ்சினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டால் ஆக்சிஜன் குறையும், எரியும் வெப்பம் தணியும், அந்த நச்சும் குறையும். எப்போது எவ்வளவு விடுவது என்பதற்குத்தான் இந்த வால்வு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபின் அதன் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. முழுச் சுமையில் அது இறுக மூடியாக வேண்டும். மூடாவிட்டால் வண்டி கரும்புகை கக்கும், மேட்டில் இழுக்காது. இறுக மூட வேண்டுமென்றால் தண்டு ஓடும் துளையும், வால்வின் தலை உட்காரும் சீட்டும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். என் கதை முழுக்க இந்த ஒரு மையத்தைப் பற்றியதுதான்.

நான் வரைந்த வால்வில் புஷ் உட்காரும் குழிக்கு 12 மில்லி விட்டம். அதற்குக் கீழே, கரி ஏறாமல் இருக்க, வார்ப்பிலேயே ஓர் உதடு வைத்து அதில் 9 மில்லி துளை விட்டிருந்தேன். தனித் தகடு ஒன்று மிச்சம். சீட்டுக்கும் புஷ்ஷுக்கும் மைய விலகல் 0.03 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். எழுத எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

கோவைப் பட்டறையில் இரும்பு வார்ப்புகள் மூலையில் குவிய ஆரம்பித்தன. கோபத்தோடு பஸ் ஏறினேன். இப்போது நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நானும் போய்ச் சொன்னேன், அதுவும் அவர்கள் முகத்துக்கு நேராக. மெஷினில் நின்றிருந்தவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது அதிகம் இருக்கும். பதில் பேசவில்லை. ஒரு வார்ப்பை எடுத்து, அதை அசையாமல் பிடிக்கும் பிக்சரில் மாட்டினார். மேலேயிருந்து புஷ் குழியைக் குடைந்தார். கழற்றித் துடைத்தார், கவிழ்த்து மறுபடி மாட்டினார். கீழேயிருந்து சீட்டுக் குழியைக் குடைந்தார். மைய விலகலை அளக்கும் டயலை வைத்துச் சுற்றிக் காட்டினார். முள் 0.05-க்குப் போனது. இன்னொன்று 0.02. அடுத்தது 0.06. கவிழ்க்கும்போது அடியில் ஒரு துகள் இருந்தாலும் போதும், மையம் நகர்ந்துவிடும். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். இதற்கு மேல் என்ன அக்கறை வேண்டும்?

அப்புறம் சொன்னார்: “இந்த உதட்டை எடுத்துட்டீங்கன்னா கீழ இருந்தே ரெண்டு குழியையும் ஒரே பிடியில முடிச்சிரலாமுங்க தம்பி. டூல் உள்ள போக வழியே இல்லீங்களே.”

அவ்வளவுதான். சீட்டுக் குழி பெரியது, அதன் வழியாகவே டூல் உள்ளே போய்ப் புஷ் குழியையும் குடைந்துவிடலாம். நான் மிச்சப்படுத்திய ஒரு தகடு நடுவே நின்று மறித்துக்கொண்டிருந்தது. உதட்டை எடுத்தோம். புஷ்ஷைக் கீழிருந்து அழுத்தி, கடைசியாக ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணத்தைக் கரித்தடுப்பாக அழுத்தினோம். ஒரு பாகம் கூடிற்று. மூலையில் குவிவது நின்றது.

இப்போது உங்கள் ட்ராயிங்குக்கு வருகிறேன், திட்டாமல் இருக்க முடியாது. 1980களில் பூத்ராய்டு, டியூஹர்ஸ்ட் என்ற இரண்டு பொறியியல் பேராசிரியர்கள் பரப்பிய மூன்று கேள்விகளை வைத்துத்தான் பாகங்களைக் குறைத்திருப்பீர்கள். இந்தப் பாகம் மற்றவற்றோடு ஒப்பிட அசைகிறதா, வேறு உலோகமாக இருந்தே ஆக வேண்டுமா, கூட்டவோ கழற்றவோ தனியாக இருந்தாக வேண்டுமா? நல்ல கேள்விகள். ஆனால் இரண்டாவதை நீங்கள் நேர்மையாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புஷ் பிழைத்திருக்கும். எண்ணெய் போக வழியில்லாத, கரி படியும் இடத்தில் தண்டு லட்சக்கணக்கான முறை ஓட வேண்டும். அதற்கென்று ஓர் உலோகம் வேண்டாமா? புஷ் கெட்டால் அதை மட்டும் தூக்கிப்போடலாம். இப்போது துளை கெட்டால் முழு வார்ப்பும் குப்பைக்குப் போகிறது. கரித்தடுப்பின் கதை வேறு. மூன்று கேள்விக்கும் அது ‘இல்லை’ என்றுதான் சொல்லும். அந்தக் கேள்விகள் கூட்டும் மேசையில் பிறந்தவை, டூல் எந்தப் பக்கம் நுழையும் என்று அவை கேட்பதில்லை. உங்கள் ட்ராயிங்கில் கீழிருந்து நுழைந்தால் டூல் பென்சில் போல மெலிந்து நீண்டுவிடும், வளையும். அதனால் அவர்கள் மேலிருந்து துளைத்துவிட்டுக் கவிழ்க்கிறார்கள். வேறென்ன செய்வார்கள்?

அந்த 20 மைக்ரானையும் பழைய ட்ராயிங்கிலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 8 மில்லி தண்டு, சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும் ஆஸ்டெனிட்டிக் எஃகு. 400 டிகிரி ஏறினால் சுமார் 54 மைக்ரான் பெருக்கும். அதைச் சுற்றியுள்ள இரும்புத் துளை 35 மைக்ரான்தான் விரியும். உங்கள் 20-ல் மிச்சம் ஒரே ஒரு மைக்ரான். தண்டு வார்ப்பைவிடச் சூடாக இருந்தால் அதுவும் இல்லை. அவர்கள் நீங்கள் கேட்டபடியே துல்லியமாகச் செய்துகொடுத்திருந்தாலும் வால்வு சாலையில் சிக்கிக்கொண்டிருக்கும் அம்மா. செய்யவும் முடியாத, செய்தாலும் ஓடாத ஓர் எண்ணுக்காக எத்தனை வார்ப்புகளை உருக்கத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

‘அக்கறை இல்லை’ என்று எழுதியதை வாபஸ் வாங்குங்கள். கடிதத்தில் எனக்கு வலித்தது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் எல்லோரும் செய்கிற தவறுகள். இப்படி ஒரு வேலையை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்களிடம் ஏதோ பார்த்திருக்கிறார்கள். தனக்குள் வைத்துக் குமையாமல் வெளியே கேட்டீர்களே, எனக்கு அது பிடித்திருந்தது. நான் கேட்கவில்லை, சண்டை போடப் போனேன்.

எம்.இ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலையை விடாமல் படிக்க முடிந்தால் படியுங்கள், நல்லதுதான். ஆனால் இந்த வாரம் ஓசூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துக் கோவைக்குப் போங்கள். முதல் ஷிப்டுக்கு முன்னால் உள்ளே இருங்கள். ரிஜெக்ட் ஆனதில் பத்து வார்ப்பை எடுத்து, மெஷினில் நிற்பவர் எப்படி மாட்டுகிறார், எங்கே கவிழ்க்கிறார், எதற்காக நின்று யோசிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கையில் லேப்டாப் வேண்டாம். எதை மாற்றினால் அவருக்கு எளிது என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள். புது ட்ராயிங்கை அப்புறம் பார்க்கிறேன்.