கடலோர வீட்டுக்கு எந்த விளக்கு?

கேள்வி: நீலாங்கரையில் கடலை ஒட்டிய வீடு. பின்பக்க மதிலில் 50 வாட் எல்இடி ஃபிளட் லைட் போட நினைக்கிறோம். ஆமைக் குஞ்சுகள் வழிதவறும், மஞ்சள் விளக்கு வாங்குங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடையில் கேட்டால் 'வார்ம் ஒயிட்' தருகிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் உங்கள் கரையில் ஏறி முட்டையிடும். ஒன்றரை மாதம் கழித்து, பெரும்பாலும் இரவில், குஞ்சுகள் மணலுக்கு மேலே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுவே கடல் என்று நடக்கும். உங்கள் மதிலில் விளக்கு எரிந்தால் மதிலை நோக்கித்தான் வரும். அங்கே நாய் இருக்கும். விடிந்தால் காக்கையும் வெயிலும்.

ஆமைக் கண்ணை அதிகம் இழுப்பது நீலமும் பச்சையும். வெள்ளை எல்இடி என்பதே நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். அட்டையில் கே (K) என்ற எழுத்துடன் ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் மிக அதிகம், தொடவே வேண்டாம். 3000, 2700 என்றால் குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. நீங்கள் கேட்க வேண்டியது ஆம்பர், அதாவது அடர்மஞ்சள் எல்இடி, ஒளியின் அலைநீளம் சுமார் 590 நானோமீட்டர். கடைக்காரருக்கே சந்தேகமா? ஒரு பழைய சிடியைக் கொண்டுபோய் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதில் நீலப் பட்டை தெரிந்தால் அது ஆம்பர் இல்லை. பெட்டியைப் பிரித்தபின் திருப்பி வாங்க மாட்டார்கள், கடையிலேயே எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆம்பரில் விட்டில்பூச்சிகள் வருவதும் குறையும். அதற்காக எல்லா உயிருக்கும் அது நல்லது என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். சில மின்மினிகளின் ஒளியே மஞ்சள். இணை தேடும் அந்தச் சைகையை ஆம்பர் விளக்கு மறைத்துவிடும். வௌவால்களில் சில இனங்கள் விளக்கடிப் பூச்சிகளைத் தேடி வரும், சில வெளிச்சம் பட்ட பக்கமே வராது.

அதனால் நிறத்தோடு நிறுத்தாதீர்கள். கொல்லைக்கு 50 வாட் எதற்கு? 5 வாட் தாராளம். மேல்பக்கத்திலும் பக்கவாட்டிலும் மூடிய, ஒளி கீழே மட்டும் விழும் கூடு, ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார், இரண்டும் சேர்த்து வாங்குங்கள். விளக்கை மதிலில் வேண்டாம், வாசற்படி உயரத்தில் வீட்டுச் சுவரில் போடுங்கள். ஜனவரியிலிருந்து மே வரை கடல் பக்கத்து ஸ்விட்சை இரவில் அணைத்தே வையுங்கள். மாடி ஜன்னலுக்குக் கனமான திரையும் போடுங்கள், அந்த வெளிச்சமும் மணலில் விழுகிறது.