கப்பலிலேயே மூன்று மாதம் இருக்க முடியுமா? வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டுக்கு ஒரு பயண முகவர் வந்து உலகக் கப்பல் பயணம் பற்றிப் பேசிவிட்டுப் போனதிலிருந்து, இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி கப்பலைப் பற்றித்தான். நான் பயணக் கப்பலில் கேபின் வேலை பார்த்தவன் என்று தெரிந்து கேட்கிறீர்கள். சரி, இந்த மாதம் முழுக்கக் கப்பல்தான்.

கேள்வி: தம்பி, நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பாட்டி ரஜூலா கப்பலில் பாய் விரித்துப் படுத்து நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்தவர். இப்போது பிள்ளைகள் எங்கள் இருவரையும் மூன்று மாதக் கப்பல் பயணத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு அவ்வளவு நாள் என்ன செய்வது?

பதில்: ஐயா, கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிட்டீர்கள். முகவர்கள் காட்டும் படங்களில் சிட்னி இருக்கும், ஹவாய் இருக்கும், பனாமா கால்வாய் இருக்கும், ஆனால் அந்த ஊர்களுக்கு நடுவில் இருக்கும் நாள்களை யாரும் காட்டுவதில்லை, நீண்ட பயணத்தில் பெரும்பகுதி அந்த நாள்கள்தான். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் போய்ச் சேரவே நான்கைந்து நாள், அங்கிருந்து தெற்கே தஹித்திக்கு இன்னும் அதே அளவு. இடையில் கரை என்று ஒன்று கண்ணில் படாது. அந்த நாள்களை விரும்புகிறவர்கள் பயணம் முடிந்ததும் அடுத்ததற்குப் பணம் கட்டுகிறார்கள், விரும்பாதவர்கள் பாதியிலேயே சோர்ந்து போகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு கடல் நாள் எப்படிப் போகும் என்று கேட்டால், முந்தின இரவே மறுநாள் நிகழ்ச்சித் தாள் அறைக்கு வந்துவிடும். இப்போது பல கப்பல்களில் அது கைப்பேசியிலேயே வருகிறது. விடியற்காலையில் மேல்தளத்தைச் சுற்றி நடக்கிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு, நீங்களும் அதில் சேர்ந்துவிடுங்கள், பாதிச் சிநேகிதம் அங்கேதான் உருவாகும். பசியாறிய பிறகு அடுத்து வரும் ஊரைப் பற்றி ஒருவர் பேசுவார். வரலாறு, பறவைகள், வானம் என்று பேச ஆள் வைத்திருப்பார்கள், ஆசிரியர் வேலை பார்த்த உங்களுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குக் கைவேலை வகுப்பு, பாட்டுக் குழு, நூலகம் எல்லாம் இருக்கும். நடுப்பகலில் கப்பல் எங்கே இருக்கிறது, கடல் எவ்வளவு ஆழம், காற்று எப்படி என்று பல கப்பல்களில் அறிவிப்பார்கள். மாலை தேநீர், அப்புறம் சாப்பாடு, பிறகு மேடை நிகழ்ச்சி. சில இரவுகளில் நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். கோட்டு தைக்க ஓட வேண்டாம், வேட்டி ஜிப்பாவும் பட்டுச்சேலையும் கம்பீரமாக இருக்கும், யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

ஏறிய அன்றே பாதுகாப்புப் பயிற்சி. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பேர் கொடுத்தது போல ஒவ்வொருவரும் தங்கள் கூடுமிடத்துக்குப் போய்ப் பதிய வேண்டும், ஏழு குறுகிய சங்கும் ஒரு நீண்ட சங்கும் கேட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தருவார்கள். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள், அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி இறுகியது. அலுப்பாக இருக்கிறது என்று அறையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

உங்கள் பாட்டி வந்த ரஜூலா 1926இல் கட்டப்பட்டது, 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அறை இல்லாமல் தளத்திலேயே படுத்து வரும் பயணிகளை ஆயிரக்கணக்கில் ஏற்றிய கப்பல் அது. நம் ஊரில் பல குடும்பங்கள் அதில் வந்தவைதான். அந்தப் பயணத்தைச் சகித்தார்கள், வேறு வழி இல்லை. உங்களுக்கு வழி இருக்கிறது, அதனால் நேராக மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போடாமல் முதலில் பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நான்கைந்து நாள் போய்ப் பாருங்கள். நீண்ட பயணத்தையே துண்டு துண்டாகவும் விற்கிறார்கள், ஒரு துண்டை மட்டும் எடுக்கலாம்.

கேள்வி: அண்ணா, நாங்கள் சைவம். ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா? வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் எனக்கு மனசு ஆறாது.

பதில்: இரண்டும் முடியாது தங்கச்சி. ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டி, இஸ்திரிப் பெட்டி எதுவும் அறையில் கூடாது, பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி அதைவிடக் கண்டிப்பு. நடுக்கடலில் தீ என்றால் ஓட இடம் இல்லை. தமிழ்நாட்டுக்கும் இங்கேயும் இடையே நம் ஆட்கள் ஏறி இறங்கிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கை வைத்துக் கும்பிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். முன்பதிவு செய்யும்போதே இந்தியச் சைவம் என்று எழுத்தில் கொடுங்கள், ஏறிய முதல் நாளே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரைப் பார்த்து மறுபடி சொல்லுங்கள். சமையல் கட்டில் இந்தியர்கள் இருப்பது சாதாரணம், முன்னாடியே சொன்னால் பருப்பும் சாதமும் செய்து கொடுப்பார்கள். ஆனால் தினமும் ரசம் எதிர்பார்க்காதீர்கள். அடைத்த பொட்டலத்தில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப்போகலாமா என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரை இறங்கும்போது மட்டும் கவனம் வேண்டும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பையில் மறந்து வைத்த ஒரு ஆப்பிளுக்கே அபராதம் போடுவார்கள்.

இன்னொன்று, நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். கப்பலில் வாந்திபேதி பரப்பும் நோரோவைரஸ் என்ற கிருமிக்குக் கைக்குத் தடவும் திரவம் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்சுலின் போடுகிறார், காரில் போனாலே தலைசுற்றும். அழைத்துப் போகலாமா?

பதில்: தலைசுற்றலுக்கு வழி இருக்கிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. பால்கனி இருக்கிறதே என்று உச்சித் தளத்தில் முன்பக்கம் எடுத்துவிட்டு அவதிப்படுகிற வயதானவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இன்சுலின்தான் யோசிக்க வேண்டியது. 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் வீதம் கடிகாரம் மாறும். மேற்கே போனால் சில நாள்களுக்கு 25 மணி நேரம், கிழக்கே போனால் 23. பசிபிக்கில் தேதிக்கோட்டை மேற்கு நோக்கித் தாண்டினால் ஒரு தேதியே காணாமல் போகும். இத்தனை மாற்றத்தில் ஊசி நேரமும் அளவும் எப்படி என்பதை அம்மாவின் மருத்துவரிடம் பயணத் திட்டத்தைக் காட்டி எழுதி வாங்குங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். அறைக் குளிர்ப்பெட்டி இன்சுலினுக்குப் போதுமான குளிர் தருமா என்று கப்பல் மருத்துவ அறையில் கேளுங்கள். மருந்து முழுப் பயணத்துக்கும், கூடுதலாக இரண்டு வாரத்துக்கும் கைப்பையில் இருக்கட்டும், கப்பலில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் தனி, பெரிய அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை. ஆபத்து என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள் அல்லது ஹெலிகாப்டர் வரவழைப்பார்கள், அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமநிதியையே விழுங்கக்கூடும். ஆகவே அவசர இடமாற்றத்தையும் ஏற்கெனவே இருக்கும் நோயையும் சேர்த்து ஈடுசெய்யும் காப்புறுதி, அம்மாவின் வயதுக்குச் செல்லுபடியாவது கிடைக்காவிட்டால், அழைத்துப் போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொண்டால் விசா வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா தேவை, அங்கே கப்பல் தொட்டாலே தேவை. கப்பல் தொடும் நாடுகளின் பட்டியலில் தேவையான ஒரு விசா குறைந்தாலும் ஏற விடமாட்டார்கள்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மகன் கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஏஜெண்ட் பல ஆயிரம் வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அண்ணே, கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடப்பிதழ் இவற்றின் செலவு மட்டும்தான் மகனுடையது, விசாச் செலவுகூடக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்தது.

வேலை கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஒப்பந்தம், வார விடுமுறை என்று ஒன்று கிடையாது, கீழ்த்தளத்தில் சின்ன அறையில் இன்னொருவரோடு படுக்கை. ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அதே உடன்படிக்கையில் இருக்கிறது, எழுதிக் கொடுக்கும் ஓய்வு நேரம் உண்மையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மகன் கையெழுத்துப் போட வேண்டும். கூட வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியர்கள் நிறைய, மலாய் தெரிந்த நம் பிள்ளைகளுக்குத் தனிமை கொஞ்சம் குறையும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி அடங்கிய அடிப்படைப் பயிற்சி அவசியம், அதை எங்கே படிப்பது என்பதைக் கடல்துறை அலுவலகத்திலேயே நேரில் போய் விசாரியுங்கள். ஒப்பந்தத் தாளைக் காட்டாமல் முன்பணம் மட்டும் கேட்கிற ஏஜெண்டாக இருந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.