சொந்தமாக ஜேசிபி வாங்கலாமா? தவணைக்கு முன் மணிக் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 34. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒருவரிடம் பதினோரு ஆண்டுகளாக ஜேசிபி ஓட்டுகிறேன். சம்பளமும் பேட்டாவும் சேர்த்து மாதம் 32,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 22,000 ஆகிறது. கையில் 6 லட்சமும் மனைவியின் நகை 18 பவுனும் உள்ளன. புதிய வண்டி 36 லட்சம். நகையைத் தொடாமல் 6 லட்சத்தை முன்பணமாகக் கட்டினால், மீதி 30 லட்சத்தை 11 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக் கடனாகத் தருகிறார்கள். எங்கள் பகுதியில் மணிக்கு 1,200 ரூபாய் வாடகை. மாதம் 200 மணி ஓடினால் 2,40,000 வரும். தவணை கட்டியும் நிறைய மிஞ்சும் அல்லவா? வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்குப்படி புதிய வண்டி வாங்க வேண்டாம். உங்கள் திறமையில் எனக்கு ஐயம் இல்லை. 2,40,000 என்னும் தொகையை நீங்கள் வருமானமாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

30 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 77,500 ரூபாய். இனி ஒரு மணி நேர ஓட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். மணிக்கு 5 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 465 ரூபாய் போய்விடுகிறது. எஞ்சின் ஆயில், ஃபில்டர், பக்கெட் பல், பின், புஷ், ஹோஸ், டயர் ஆகியவற்றுக்காகப் புதிய வண்டியிலேயே மணிக்கு 150 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். செலவு இன்று வராவிட்டாலும் டயர் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஆக, உங்கள் கையில் நிற்பது 585 ரூபாய். தவணையுடன் காப்பீடு, வரி ஆகியவற்றுக்கு மாதம் 6,000 ரூபாயும், இன்று நீங்கள் வாங்கும் 32,000 ரூபாயும் சேர்த்தால் 1,15,500 ஆகிறது. அதை ஈட்ட 197 மணி ஓட வேண்டும். நீங்கள் நிறைய மிஞ்சும் என்று நினைக்கும் 200 மணியில், இன்றைய சம்பளம் மட்டுமே மிஞ்சுகிறது. கட்டும் தவணையில் அசல் பகுதி வண்டியாக உங்களிடம் சேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொத்தைக் கொண்டு இந்த மாத மளிகைக் கடன் அடைபடாது.

இதில் 200 மணியும் ஓடுகிறது, ஓடிய மணிக்கெல்லாம் பணம் கைக்கு வருகிறது என்னும் இரண்டு அனுமானங்கள் அடங்கியுள்ளன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வண்டி பல நாட்கள் ஷெட்டிலேயே நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் 120 மணி ஓடினால் வருவது 70,200 ரூபாய், தவணைக்கே போதாது. வீடு கட்டுபவர் அன்றன்றே பணம் கொடுத்துவிடுவார். ஒப்பந்ததாரரோ தம்முடைய பில் பாஸாகட்டும் என்பார். கேபினில் உட்கார்ந்திருப்பவரால் பாக்கி வசூலிக்கவும் போக முடியாது. வசூலுக்குப் போகும் நாளில் வேறோர் ஆபரேட்டருக்குக் கூலி கொடுக்க வேண்டும். இப்போதைய முதலாளியின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் உங்களுடனே வந்துவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். அவர் வாடகையை 1,100 ஆகக் குறைத்து, நீங்களும் குறைக்க நேர்ந்தால், தேவைப்படும் மணி 197இலிருந்து 238 ஆகிவிடும்.

ஜிஎஸ்டியை நீங்கள் குறிப்பிடவே இல்லை. மாதம் 200 மணி என்றால் ஆண்டு வரவு 28.8 லட்சம், சேவைத் தொழிலுக்கான 20 லட்ச வரம்பைத் தாண்டுவதால் பதிவு செய்து 18 சதவீத வரி கட்ட வேண்டும். வீட்டுக்காரர் வாடகைக்கு மேல் தனியாக வரி தர மறுத்தால், 1,200 ரூபாயில் உங்களுக்கு நிற்பது 1,017 மட்டுமே. வாங்குவதற்கு முன்பே பதிவு செய்திருந்தால் வண்டியின் விலையில் அடங்கிய வரியை வரவு வைத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்கலாம். அது முதல் ஆண்டைத் தாண்டிச் சில மாதங்கள் வரை காப்பாற்றும். டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதற்கு அந்தச் சலுகை இல்லை.

அப்படியானால் காலமெல்லாம் அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்ட வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. எடுத்துக்காட்டாக, 16 லட்ச ரூபாய்க்கு நல்ல பழைய வண்டி ஒன்று கிடைப்பதாகக் கொள்வோம். 4 லட்சம் முன்பணம், 12 லட்சம் கடன், பழைய வண்டி என்பதால் 14 சதவீத வட்டி, மூன்று ஆண்டு என்று போட்டால் தவணை ஏறக்குறைய 41,000 வரும். பராமரிப்புக்கு மணிக்கு 250 ஒதுக்கினால் கையில் நிற்பது 485 ரூபாய். தவணையையும் 5,000 ரூபாய் காப்பீட்டுச் செலவையும் 95 மணியில் அடைத்துவிடலாம். மாதச் சராசரி 138 மணி ஓடினால் 21,000 மிஞ்சும்; ஆண்டு வரவும் 20 லட்சத்துக்குள் அடங்கும். இது இன்றைய வருமானத்தைவிடக் குறைவுதான், ஆனாலும் வீட்டுச் செலவு ஏறக்குறைய ஓடிவிடும், மூன்று ஆண்டில் கடனும் முடியும். 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் கட்ட மாசு விதிகளுக்கு முந்தைய எஞ்சின்களை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் பார்ப்பது ஓரளவு எளிது என்பதும் ஒரு வசதி. பூமில், அதாவது வண்டியின் தூக்கும் கையில், வெல்டிங் போட்ட தடம், பின்–புஷ் ஆட்டம், சூடானதும் தளரும் ஹைட்ராலிக் ஆகியவற்றைப் பத்து நிமிட ஓட்டத்தில் கண்டுபிடிக்கும் கை உங்களுடையது. இந்த வியாபாரத்தில் பணக்கார முதலாளிக்கும் இல்லாத முதலீடு அது. ஆர்சி புத்தகத்தில் முந்தைய கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். மீதமுள்ள 2 லட்சத்தையும் நகையையும் தொடாமல் வைத்திருங்கள்; மழை மாதத்தில் தவணை தவறாமல் காக்கக் கூடியவை அவை இரண்டும்தான்.

நீங்கள் பட்டியல் இனத்தவராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், கடனுக்குக் கையெழுத்திடும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்று அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பற்றிக் கேளுங்கள். அதில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. கிடைத்தால் மேற்கண்ட கணக்கு முழுவதும் மாறும்.

வண்டிக்கான காப்பீட்டில், வேலை செய்யும்போது கவிழ்ந்தால் ஏற்படும் சேதத்துக்கான கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். கிணற்று ஓரத்திலும் குளத்துக் கரையிலும் ஓடும் வண்டிக்கு அதுதான் முக்கியம். உங்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கட்டும், ஆனால் அது போதாது. கடன் தொகையைவிடக் கூடுதலான டேர்ம் பாலிசி, அதாவது நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு ஒன்றும் வேண்டும். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘டிரைவர்’ என்று மழுப்பாமல் ஜேசிபி ஆபரேட்டர் என்றே எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடினாலும் இழப்பீட்டின்போது குடும்பம் அலையாது.

இப்போதே எதையும் வாங்க வேண்டாம். இந்த வேலையிலேயே இருந்துகொண்டு, வரும் மழைக்காலம் முடியும் வரை ஒரு நோட்டில் எழுதுங்கள்: இன்று மீட்டரில் ஓடிய மணி எவ்வளவு, யாருக்கு, பணம் எத்தனை நாளில் வந்தது. பணமாகி வந்த மணி மாதச் சராசரி 130க்குக் கீழே இருந்தால் பழைய வண்டியும் வேண்டாம். மேலே இருந்தால், மழையில் தவணை கட்ட முடியாதவர்கள் வண்டியை விற்க முன்வரும் டிசம்பர் இறுதியில் விலை பேசுங்கள். முதல் தவணை பொங்கலுக்குப் பிறகு விழும்படி கடனைக் கேளுங்கள்.