பழைய ஐரோப்பிய அச்சுப் படங்களில் மகுடம் சூடிய பெண் எந்த நகரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோட்டைச் சுவர் வடிவ மகுடம் அவள் ஒரு நகரத்தின் உருவகம் என்று மட்டுமே சொல்லும். எந்த நகரம் என்று சொல்லாது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நகரச் சின்னம் தாங்கிய கேடயத்தைப் பாருங்கள். நடுப்பட்டையில் பெருக்கல் குறி போன்ற மூன்று சிலுவைகள் இருந்தால் ஆம்ஸ்டர்டாம். 1489இல் மாக்ஸிமிலியன் (பின்னாளில் புனித ரோமப் பேரரசர்) அளித்த உரிமையால் கேடயத்தின் மேல் மணிமுடியும் இருக்கும். கோட்டையும் வெட்டுண்ட கைகளும் என்றால் ஆன்ட்வெர்ப். அருகே குடத்திலிருந்து நீர் கொட்டும் தாடிக்கார முதியவர், அந்நகரின் ஷெல்ட் ஆற்றின் உருவகம். வெனிஸுக்குச் சிறகுள்ள சிங்கம். பெரும்பாலும் வாளும் தராசும் ஏந்தி, நகரமே நீதிதேவதையாக நிற்கும்.

வாள் இடக்கையில் இருக்கிறதா? குழம்ப வேண்டாம். செப்புத் தகட்டில் வெட்டியது தாளில் இடம் வலமாக மாறி விழும். மூலச் சித்திரத்தைத் திருப்பாமல் வெட்டினால் இப்படித்தான் ஆகும். எழுத்துகளை மட்டும் கவனமாகத் திருப்பி வெட்டியிருப்பார்கள், அதனால் பெயர் நேராகவே தெரியும்.