நெதர்லாந்தில் ஓவியம் பார்க்க ஒரு வாரம்: கேள்வி பதில்

ரெம்பிராண்ட், வெர்மீர், ஃப்ரான்ஸ் ஹால்ஸ், வான் கோ ஆகியோரின் ஓவியங்களை நேரில் பார்க்கக் கிளம்பும் உறுப்பினர்களின் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஆம்ஸ்டர்டாமில் தங்கிக்கொண்டு சுற்றுவதாக வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம் சார். ஏழு நாள் இருக்கிறது. எதை எந்தக் கிழமையில் வைப்பது?

திங்கட்கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள். பலருடைய திட்டம் அங்கேதான் கவிழ்கிறது. ஹார்லமில் உள்ள ஃப்ரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம், ஹேக் நகரின் குன்ஸ்ட்மியூசியம், ஒட்டர்லோ கிராமத்தில் உள்ள க்ரோலர்-ம்யூலர் அருங்காட்சியகம் மூன்றுக்கும் அன்று விடுமுறை. ஹேக்கின் மொரித்ஸ்ஹாவ்ஸ் அருங்காட்சியகம் மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் எல்லா நாளும் 9 மணி முதல் 5 மணி வரை திறந்திருப்பதால் திங்களை அதற்குக் கொடுங்கள். செவ்வாய் வான் கோ அருங்காட்சியகமும் ரெம்பிராண்ட் வீடும், புதன் ஹேக், வியாழன் ஒட்டர்லோ, வெள்ளி ஹார்லம், சனி தனியார் கேலரிகள். ஞாயிறை வெறுமனே விட்டு வையுங்கள். எந்த ஓவியம் மனதில் தங்கிவிட்டதோ அதனிடம் திரும்பிப் போக ஒரு நாள் வேண்டும். ஒரே நாளில் இரண்டு பெரிய அருங்காட்சியகங்களுக்கு மேல் போனால் கால் வலிப்பதற்கு முன்பே கண் சோர்ந்துவிடும்.

டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

வான் கோவுக்கு முடியாது. இணையத்தில் மட்டும், நேரம் குறித்துத்தான் தருவார்கள். அந்த நேரத்தை முதலில் பிடித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான ஆம்ஸ்டர்டாம் சிட்டி கார்டு வாங்கினாலும் வான் கோவுக்கு அது செல்லாது. ரைக்ஸ்மியூசியத்துக்குச் செல்லும், ஆனாலும் நேரத்தைப் பதிவு செய்யவேண்டும். மியூசியம்கார்ட் என்ற ஆண்டு அட்டை அந்த நாட்டில் வசிப்பவர்களுக்கானது. வெளியூர்க்காரர் கையில் அது 31 நாளுக்குள் 5 முறை நுழைய உதவும் தற்காலிக அட்டைதான். ஐந்து நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரைக்ஸ்மியூசியத்தில் ‘இரவுக் காவல்’ முன்னால் எப்போதும் கூட்டம் என்கிறார்களே. காலையிலேயே அங்கே ஓடவேண்டுமா?

வேண்டாம். அது 379.5 சென்டிமீட்டர் உயரம், 453.5 சென்டிமீட்டர் அகலம். நாலு வரிசை ஆட்களுக்குப் பின்னால் நின்றாலும் தெரியும். வெர்மீரின் ‘பால்காரப் பெண்’ 45.5க்கு 41தான். அதன் எதிரே ஒருவர் நின்றாலே உங்களுக்கு மறைந்துவிடும். 9 மணிக்கு உள்ளே நுழைந்ததும் இரண்டாம் தளத்தின் பெரிய கூடத்தில் வெர்மீர்களைப் பாருங்கள், பிறகு ரெம்பிராண்டிடம் வாருங்கள்.

‘இரவுக் காவல்’ ஆம்ஸ்டர்டாமின் குடிமக்கள் காவல்படை ஒன்றை ரெம்பிராண்ட் 1642இல் வரைந்தது. 1715இல் நகர மன்றத்துக்கு மாற்றியபோது சுவரில் பொருந்தவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள், இடப்பக்கம்தான் அதிகம் போனது. படைத் தலைவனும் துணைத்தலைவனும் இப்போது ஏறக்குறைய நடுவில் நிற்பதற்கு அதுவே காரணம்; முதலில் அவர்கள் வலப்புறம் தள்ளி இருந்தார்கள், கூட்டமே முன்னேறி வருவதுபோல் இருந்தது. 2019இல் கண்ணாடி அறை அமைத்து ஆய்வு தொடங்கினார்கள், 2024 நவம்பரில் பழைய வார்னிஷை நீக்கும் வேலை ஆரம்பித்தது. பணியாளர்கள் உள்ளே இருந்தால் அதையும் நின்று பாருங்கள். ஓவியப் பாதுகாப்பை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் எளிதாகக் காணமுடியாது.

வெர்மீர் பிறந்த டெல்ஃப்டில் அவருடைய ஓவியம் எத்தனை?

ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பவை நகல்கள், பழைய தேவாலயத்தில் அவர் கல்லறை உண்டு. நாட்டில் இருக்கும் வெர்மீர்கள் ஏழு: ரைக்ஸ்மியூசியத்தில் நான்கு, மொரித்ஸ்ஹாவ்ஸில் மூன்று. ‘முத்துக் காதணிப் பெண்’, ‘டெல்ஃப்ட் காட்சி’ இரண்டும் மொரித்ஸ்ஹாவ்ஸில்தான். அங்கேயே ஓவியர் ஃபாப்ரிஷியஸின் சின்னஞ்சிறு ‘தங்கச்சிட்டு’வையும் விட்டுவிடாதீர்கள். 1654இல் அதை வரைந்தார், அதே ஆண்டு டெல்ஃப்டின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் இறந்துபோனார்.

நான் அச்சு ஓவியம் பயில்கிறவள். ரெம்பிராண்ட் வீட்டில் எதைக் கவனிக்கவேண்டும்?

உங்களுக்கு அரை நாளே போதாது. 1639 முதல் 1658 வரை அவர் இருந்த வீடு. 1656இல் கடனில் மூழ்கியபோது எடுத்த பொருட்பட்டியலை வைத்துத்தான் அறைகளைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள். எட்சிங் அச்சிடுவதையும் வண்ணம் அரைப்பதையும் அங்கே செய்து காட்டுகிறார்கள்.

எட்சிங் என்பது இப்படி: தாமிரத் தகட்டில் மெழுகும் பிசினும் சேர்ந்த பூச்சு, அதில் ஊசியால் கோடு, அமிலத்தில் முக்கினால் கோடு மட்டும் அரிபடும். மை தடவித் துடைக்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அதிகம் துடைத்தால் கோட்டுக்குள் இருக்கும் மையும் வந்து அச்சு வெளுத்துவிடும். குறைவாகத் துடைத்தால் ஒரு மெல்லிய சாம்பல் படலம் தங்கும். ரெம்பிராண்ட் அதை வேண்டுமென்றே விட்டு இருளை உண்டாக்கினார். தாள் ஈரமாக இருந்தால்தான் கோட்டுக்குள் இறங்கி மையை எடுக்கும். ட்ரைபாயின்ட் என்ற இன்னொரு முறையில் அமிலம் இல்லை, ஊசி நேராகத் தாமிரத்தைக் கீறும், ஓரத்தில் பிசிறு எழும்பும். வெல்வெட் போன்ற கருமை அந்தப் பிசிறு மையைப் பிடிப்பதால் வருகிறது. சில பத்து அச்சுகளிலேயே பிசிறு நசுங்கிவிடும். அதனால்தான் ஒரே தகட்டின் முதல் அச்சும் பிந்தியதும் அவ்வளவு வேறுபடுகின்றன.

காகிதப் படைப்புகளை மங்கிய ஒளியில், சில மாதங்கள் மட்டுமே வைப்பார்கள். குறிப்பிட்ட ஒரு அச்சுக்காகப் போவதானால் அது இப்போது சுவரில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உட்கார்ந்து வரையலாமா அண்ணா?

ரைக்ஸ்மியூசியம் அதை ஊக்குவிக்கவே செய்கிறது. பென்சிலும் சிறிய நோட்டும் போதும். பேனா, கரித்துண்டு, நீர்வண்ணம் எடுத்துப் போகாதீர்கள். பெரிய பையை லாக்கரில் வைக்கவேண்டும். ஃப்ளாஷ், ட்ரைபாட் கூடாது.

ரயிலுக்கு என்ன வழி?

வங்கி அட்டையையே நிலைய வாசலில் உள்ள இயந்திரத்தில் தொட்டுப் போகலாம், இறங்கும்போதும் தொடவேண்டும். போகும்போது போனையும் வரும்போது அட்டையையும் காட்டாதீர்கள். இரண்டும் ஒரே கணக்கானாலும் இயந்திரத்துக்கு வேறுவேறு. வெளியேறவில்லை என்று கூடுதலாகப் பணம் பிடித்துவிடும். ஹேக்குக்கு சுமார் 50 நிமிடம், ஹார்லமுக்கு 20 நிமிடத்துக்குள்.

ஒட்டர்லோவுக்கு ஒரு முழு நாள் செலவழிப்பது நியாயமா?

நியாயம்தான். வான் கோ ஓவியங்கள் ஏறக்குறைய 90 அங்கே உண்டு, 1888இல் வரைந்த இரவு நேரக் காபிக்கடை முற்றம் உட்பட. எடே-வாகெனிங்கன் வரை ரயில், பிறகு பேருந்து. அருங்காட்சியகம் ஹோகே வெலுவே பூங்காவுக்குள் இருக்கிறது; பூங்காவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் தனித்தனி. ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு வாசலில் திகைப்பவர்கள் உண்டு. பூங்காவுக்குள் வெள்ளை சைக்கிள்கள் இலவசம். அருங்காட்சியகத்தின் 25 ஹெக்டேர் சிற்பத் தோட்டத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

கேலரியில் சும்மா நுழைந்து பார்க்கலாமா? சின்னதாக ஒன்று வாங்கவும் ஆசை.

தாராளமாக நுழையலாம், கட்டணம் கிடையாது. ஆம்ஸ்டர்டாமின் யோர்டான் பகுதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. பல கேலரிகள் வாரத் தொடக்கத்தில் மூடியிருக்கும், திறக்கும் நாளிலும் நண்பகலுக்குப் பிறகுதான். விலை சுவரில் இல்லாவிட்டால் பட்டியல் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். அச்சு ஓவியம் வாங்கினால் பென்சில் கையெழுத்து, எத்தனையில் எத்தனையாவது என்ற எண், தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் மூன்றையும் பாருங்கள். தடம் இல்லாத ‘எட்சிங்’ பெரும்பாலும் ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சிட்ட நகல். அமிலமற்ற தாளுக்கு நடுவே தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். சுருட்டினால் கனத்த தாள் விரிசல் விடும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பக் கேட்கலாம். கடையிலேயே படிவம் வாங்குங்கள். ஸ்கிபோல் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கத்தில் பொருளையும் ரசீதையும் காட்டி முத்திரை பெறவேண்டும். பெட்டி உள்ளே போனபின் கேட்டால் கிடைக்காது.