அன்டிபொடி ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது? சீனி நோய் கேள்வி பதில்

ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்த்தே காலம் போனவன் நான். டெஸ்ட் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலை: ஜி.ஏ.டி. டெஸ்ட் எதற்கு?

முதலாம் வகைச் சீனி நோயில், சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலின் காவல் படையே அழிக்கிறது. அப்போது இரத்தத்தில் ஜி.ஏ.டி., ஐ.ஏ.-2, சிங்க் டிரான்ஸ்போட்டர் 8 என்று அந்தக் கலங்களில் உள்ள புரதங்களுக்கு எதிரான அன்டிபொடிகள், அதாவது அந்தக் காவல் படை உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள், தெரியும். 1974இல் லண்டனில்தான் இந்த வகை அன்டிபொடியை முதலில் கண்டார்கள். அன்டிபொடி ஒரு தடம் மாதிரி: லயத்து நாயைக் காணவில்லை, காலையில் ஈர மண்ணில் புலித்தடம் கிடக்கிறது. நாயைக் கொன்றது தடம் இல்லை, ஆனால் வந்தது யார் என்று அது காட்டும். இரண்டாம் வகையில் பொதுவாக இந்தத் தடம் இருக்காது.

மஸ்கெலியா: அக்காவுக்கு 34 வயது, ஒல்லி. குளிசையில் சீனி இறங்கவே இல்லை.

இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். இதே வயதில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வந்தார். இடுப்பில் கட்டும் படங்குக் கயிற்றை முன்பு முடிந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி முடிந்திருந்தார், அவ்வளவு மெலிவு. இரண்டாம் வகை என்று ஒன்றரை வருடம் குளிசை. ஜி.ஏ.டி. பார்த்தால் மிக அதிகம். பெரியவர்களில் மெதுவாக வரும் இந்த வகைக்கு லாடா என்று பெயர். தொடக்கத்தில் குளிசை கேட்பதுபோல் இருக்கும், அப்புறம் கைவிடும். அக்காவின் கிளினிக் கொப்பியுடன் போய் ஜி.ஏ.டி. பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

நுவரெலியா: தெபு இலை சாப்பிடலாமா?

சாப்பாடு என் துறை இல்லை, கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலினுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

ஹட்டன்: மகனுக்கு ரிப்போர்ட் நெகட்டிவ். ஊசியை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள்.

பதுளை: நெகட்டிவ் என்றால் இரண்டாம் வகைதானே? ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை, தம்பி. முதலாம் வகை உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அன்டிபொடி தெரிவதில்லை. வருடம் போகப் போக அது மறைவதும் உண்டு. மழை பெய்தால் தடம் அழியும், புலி வரவில்லை என்று ஆகாது. சதையியில் கல் வைத்து வரும் சீனி நோயிலும், ஒரே ஒரு மரபணுவின் கோளாறால் வரும் மோடி (MODY) என்ற வகையிலும் பெரும்பாலும் நெகட்டிவ்தான்.

பதுளை, மீண்டும்: அப்படியானால் அந்த டெஸ்டே வீண்.

வீண் இல்லை. பாசிட்டிவ் என்றால் அதன் எடை பெரிது, அதிலும் இரண்டு அன்டிபொடி சேர்ந்து வந்தால். ஒன்று மட்டும், அதுவும் எல்லையை ஒட்டி வந்தால் திரும்பப் பார்க்க வேண்டும். நெகட்டிவுக்குப் பிறகு சி-பெப்டைட் பாருங்கள். உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அது சொல்லும். அதே நேரத்தில் இரத்தச் சீனியும் பார்க்க வேண்டும். சீனி ஏறிக் கிடக்க, சி-பெப்டைட் லீட்டருக்கு 200 பிகோமோலுக்குக் கீழ் என்றால் சுரப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. நோய் கண்ட உடனே எடுத்தால் ஏமாற்றும், சில வருடம் கழித்தே நன்றாகப் பிரித்துக் காட்டும். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, கோபம் மட்டும் வேண்டாம்.

பண்டாரவளை: மூத்தவனுக்கு 9 வயதில் முதலாம் வகை வந்தது. தங்கச்சிக்குப் பார்க்கவா?

கூடப் பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. சீனி சரியாக இருந்தும் இரண்டு அன்டிபொடி இருந்தால் அது நோயின் முதல் கட்டம். அடுத்த கட்டத்தில் உள்ளவர்களுக்கு நோயைத் தள்ளிப்போட டெப்லிசுமாப் என்ற மருந்தை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. வீட்டில் உங்கள் வேலை இதுதான்: பிள்ளை திடீரென்று பாயை நனைத்தால், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தால், அன்றே விரலில் குத்திச் சீனி பாருங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

வெலிமடை: ஊசி போட்டு ஒரு வருடம். இன்சுலின் அன்டிபொடி பார்க்கலாமா?

பயனில்லை. போடும் ஊசியே அதை உண்டாக்கும். ஜி.ஏ.டி. பாருங்கள்.

கொட்டகலை: எனக்கும் நெகட்டிவ், ஊசியை...

ஹட்டன்காரருக்குச் சொன்னதுதான். நிறுத்தாதீர்கள். டொக்டர் சொல்லும்வரை ஒரு நேரம்கூட விடாதீர்கள்.